பருப்பு வேக மறுக்கிறது: ஒற்றை அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், குறைந்த பணம்

கேட்டவர்: அருப்புக்கோட்டையான்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. நானும் நண்பன் ஒருவனும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் இருபதாம் தேதிக்கு மேல் யாரிடமாவது கைநீட்ட வேண்டியிருக்கிறது. அதனால் சமைக்கலாம் என்று இறங்கினோம். ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஓர் இரும்புக் கடாய், அம்மா துணிகளுக்கு நடுவில் திணித்து அனுப்பிய மத்து. இவ்வளவுதான் எங்கள் சமையலறை. ஃப்ரிட்ஜ் இல்லை, மிக்ஸி இல்லை.

துவரம் பருப்பில்தான் சிக்கல். ஒரு தம்ளர் பருப்பைக் கழுவி, மூன்று தம்ளர் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு, தக்காளி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆறு விசில் விட்டேன். திறந்தால் பருப்பு தனித்தனியாக என்னை முறைக்கிறது. விரலால் நசுக்கினால் ஓரம் மசிகிறது, நடுவில் வெள்ளையாக ஒரு கடினம். மறுபடியும் நான்கு விசில். பெரிய மாற்றம் இல்லை. இதற்கிடையில் விசில் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி அடித்து அடுப்பு, சுவர், நண்பனின் சட்டை எல்லாம் பாழ். பருப்பு அம்மா பொங்கல் சமயத்தில் மொத்தமாக வாங்கி வைத்திருந்ததில் ஒரு பங்கு.

ஏன் வேகவில்லை? எங்களைப் போல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தப் பருப்பை வாங்கினால் காசும் கேஸும் மிஞ்சும்? இரண்டு பேருக்கு வாரம் 700 ரூபாய்க்குள் மளிகையும் காய்கறியும் முடிய வேண்டும். அரிசி ஊரிலிருந்து வந்துவிடும்.

பசித்தவன்

முட்டை வாங்குங்கள். பத்து நிமிடத்தில் வெந்துவிடும், சுவரும் மஞ்சளாகாது.

கோபிக்காரி

தம்பி, கோபிச்செட்டிபாளையத்தில் மெஸ் நடத்தி ஓய்ந்தவள் நான். முட்டை சொன்னவர் சொல்லிவிட்டுப் போகட்டும்; நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

திருப்பூரில் அறை என்று படித்ததுமே எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் போனது. குழாயில் வருவது போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா? வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கிறதா? குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிகிறதா? ஆம் என்றால் அது உப்புத் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதல். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது சூட்டில் கரைந்தால்தான் பருப்பு குழையும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. அப்புறம் பத்து விசில் விட்டாலும் கேஸ்தான் தீரும்.

புளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. புளிப்புள்ள தண்ணீரில் பெக்டின் லேசில் கரையாது. ஆகையால் பருப்பு மசிந்த பிறகுதான் புளி. இதில் மட்டும் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். உப்பைப் பற்றி ஊரே பயமுறுத்தும், அது அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. இருந்தாலும் கடைசியில் போடுவது கைக்கு நல்லது, அளவு தெரியும்.

மூன்றாவது, பருப்பின் வயது. வெக்கையும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால் பருப்பு உள்ளுக்குள் இறுகிப்போகும். பழைய பருப்பு, உப்புத் தண்ணீர், புளி என்று மூன்றும் சேர்ந்தால் எந்தச் சமையல்காரர் வந்தாலும் நீங்கள் பார்த்த அந்த வெள்ளை நடுப்பகுதி அப்படியேதான் இருக்கும்.

எது காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குக்கருக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் வையுங்கள். இரண்டிலும் அதே பருப்பு ஒரு கைப்பிடி. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். ஒரே அடுப்பு, ஒரே விசில். கேன் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் மசிந்தால் தண்ணீர்தான் காரணம். இரண்டுமே மசியாவிட்டால் பருப்பைத்தான் குறை சொல்ல வேண்டும். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஊறவும் வேகவும் மட்டும் கேன் தண்ணீர். அதுவும் இல்லாத நாளில் குழாய்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறி அடியில் வெள்ளை படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் தெளிய எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சரியாகாது, ஓரளவு உதவும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் குழையும்தான். ஓட்டல்களில் போடுகிறவர்கள் உண்டு. என் மெஸ்ஸில் நான் விட்டதில்லை. ருசி வழவழவென்று சோப்பு மாதிரி ஆகிவிடும், பருப்பில் உள்ள தயமின் உயிர்ச்சத்தும் போய்விடும்.

இப்போது எந்தப் பருப்பு என்ற கேள்வி. கிலோ விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பந்தியில் எத்தனை கரண்டி வருகிறது, அதற்கு எவ்வளவு கேஸ் போனது, எவ்வளவு கொட்டினோம் என்று பார்ப்பதுதான் மெஸ் கணக்கு. அந்தக் கணக்கில் தொடக்கக்காரருக்குப் பாசிப் பருப்புதான். ஊறவைக்க வேண்டாம், குக்கர்கூட வேண்டாம், திறந்த பாத்திரத்திலேயே அரை மணிக்குள் வெந்துவிடும். தண்ணீர் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கால் கிலோ வாங்கினால் இரண்டு பேருக்கு மூன்று வேளைக்குத் தாராளம்.

பாசிப் பருப்பு கடைவது இப்படி. ஒரு சின்னத் தம்ளர் பருப்பை வெறும் கடாயில் வாசம் வரும்வரை வறுங்கள். நிறம் மாறக் காத்திருந்தால் கருகிவிடும்; மூக்கை நம்புங்கள். கழுவி, மூன்று தம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், உரித்த பூண்டு நான்கு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு போட்டு மூடாமல் கொதிக்கவிடுங்கள். மேலே வரும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போடுங்கள். பருப்பு மலர்ந்து இரண்டு விரலுக்கு நடுவில் தடையில்லாமல் நசுங்கினால் வெந்துவிட்டது.

இனி கவனம். தண்ணீரோடு சேர்த்துக் கடையாதீர்கள். மத்துக்குப் பிடி கிடைக்காமல் பருப்பு சுற்றிச் சுற்றி ஓடும், நீங்கள் அரை மணி கடைந்தாலும் முழுசு முழுசாகவே மிதக்கும். மேல் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் இறுத்து வைத்துவிட்டு, அடியில் இருக்கும் பருப்பையும் பூண்டையும் மிளகாயையும் சூடாக இருக்கும்போதே கடையுங்கள். வெண்ணெய்ப் பதம் வந்ததும் உப்புப் போட்டு, இறுத்த தண்ணீரில் தேவையான அளவு மட்டும் திருப்பி ஊற்றுங்கள். கடலை எண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் சீரகம், கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் பருப்பில் கொட்டுங்கள். மீதிப் பருப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றினால் எனக்குக் கோபம் வரும். இரவு ரசத்துக்கு அதுதான் உடம்பு.

துவரம் பருப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு வேகவையுங்கள். அந்தச் சொட்டு எண்ணெய் நுரையை அடக்கும். குக்கரில் பருப்பும் தண்ணீருமாகச் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. மூடி போடாமல் ஒரு கொதி வரவிட்டு நுரையை எடுத்துவிட்டு மூடினால் சுவர் தப்பிக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். பெரிய தீயில் விசிலை எண்ணிக்கொண்டிருப்பது கேஸ் ஏஜென்சிக்குத்தான் லாபம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அந்தச் சூட்டிலும் பருப்பு வேகிறது, அதற்குக் காசு கிடையாது.

ஒன்று மறக்காதீர்கள். மஞ்சள் தண்ணீர் பீய்ச்சியது என்றீர்களே, விசிலைக் கழற்றி, மூடியில் ஆவி வரும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்புத் தோல் அடைத்திருந்தால் ஊசியால் குத்திக் கழுவிவிட்டுத்தான் அடுத்த சமையல். இது ருசிக்கான யோசனை இல்லை, பாதுகாப்பு.

இவ்வளவும் கைவந்தபின் எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் செய்யுங்கள். ஒரே குக்கரில் இரண்டு பேருக்கு முழுச் சாப்பாடு. அரிசி ஒரு தம்ளர், துவரம் பருப்பு கால் தம்ளருக்குச் சற்று மேல், இரண்டையும் சேர்த்து அரை மணி ஊறவையுங்கள். குக்கரிலேயே எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் தாராளமாக, ஒரு தக்காளி வதக்கி, நான்கு தம்ளர் தண்ணீர். கொதித்ததும் உப்பு, அரிசி, பருப்பு. மூன்று விசில். நெய் ஒரு கரண்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது. கத்தரிக்காய் பொரியல் தொட்டுக்கொள்ளலாம். கையில் காசில்லாத நாளில் ஊறுகாய்.

தராசுத்தட்டு

மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். விருதுநகர்ச் சந்தை விலையைப் பார்த்துத்தான் நாங்கள் பருப்புக்கு விலை எழுதுகிறோம். அந்த மாவட்டத்துக்காரர் பருப்புக்கு வழி கேட்கிறார்! அக்கா சமையலைச் சொல்லிவிட்டார். நான் வாங்குவதை மட்டும் சொல்கிறேன்.

துவரை அறுவடை மார்கழியில் தொடங்கி மாசி வரை போகும். மகாராஷ்டிரம், கர்நாடகத்தின் கலபுரகி பக்கம்தான் பெரும் விளைச்சல். போதாததற்கு மியான்மரிலிருந்தும் மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. அதனால்தான் வரத்து குறைந்தால் விலை குதிக்கிறது. கடைக்காரரிடம் 'புதுப் பருப்பா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே நம்பாமல் ஒரு பருப்பைக் கடித்தும் பாருங்கள். புதுப் பருப்பு பட்டென்று உடையும், வாயில் லேசான இனிப்பு தெரியும். பழையதில் நிறம் மங்கி, கையில் மாவு ஒட்டும், சின்னத் துளைகள் தெரியும்.

இரண்டு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் வேண்டாம். கால் கிலோ, அரை கிலோ சில்லறையாக வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது வண்டு வராத வீட்டுக்குப் பொருந்தும் கணக்கு. மீதியை ஈரமில்லாத டப்பாவில் போட்டு நான்கு காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள்.

குடும்ப அட்டை வீட்டில் இருந்தால் ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அம்மா தன் தேவைக்குப் போக மிச்சம் தந்தால் அதைவிட மலிவாக எந்தக் கடையிலும் கிடைக்காது. என் கடையில் நிச்சயம் கிடைக்காது.

சந்தை விலையைவிட மிகக் குறைவாக யாராவது துவரம் பருப்பு கொடுத்தால் உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். துவரம் பருப்பு உருண்டையாக, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நடுநடுவே ஒரு பக்கம் சரிந்து, சதுரம் போலத் தெரிந்தால் அது கேசரிப் பருப்பு. தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால் நரம்புகளைப் பாதித்து நடக்க முடியாமல் செய்யும் நோய் வரும் என்பதால் 1961 முதல் பல மாநிலங்களில் அதை விற்கத் தடை. கழுவும்போது முதல் தண்ணீரே அடர்ந்த மஞ்சளாக இறங்கினாலும் அந்தக் கடையை மாற்றிவிடுங்கள், சாயம் ஏற்றியிருப்பார்கள்.

கடலைப் பருப்பு என்று சொல்லிப் பட்டாணிப் பருப்பைக் கலப்பதும் நடக்கிறது. அது விஷமில்லை, கொடுத்த காசுக்குப் பொருள் வரவில்லை, அவ்வளவுதான்.

வவுனியா வடலி

எங்கள் பக்கத்தில் பருப்பென்றால் மைசூர்ப் பருப்புத்தான். அந்தச் செம்மஞ்சள் நிறப் பருப்பு. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் இறக்குமதியாகிறது. பாடசாலைப் பிள்ளைகள்கூடத் தனியே சமைத்துவிடுவார்கள். தோல் நீக்கி உடைத்தது என்பதால் குக்கர் தேவையில்லை, சட்டியில் பதினைந்து, இருபது நிமிடம் போதும்.

தண்ணீர் பருப்புக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கட்டும். அதில் வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல்லு உள்ளி (பூண்டு), மஞ்சள் போட்டு அவியவிடுங்கள். அவிந்ததும் உப்பும் தேங்காய்ப் பாலும் விட்டு ஒரு கொதி வந்தவுடன் இறக்குங்கள். பால் விட்டபின் நெடுநேரம் கொதித்தால் திரிந்துவிடும். கடுகு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் பாணுக்கும் (ரொட்டிக்கும்) புட்டுக்கும் சோற்றுக்கும் ஒரே கறி. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் விடுங்கள். பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளி உதவும்.

தேங்காய்ப் பாலுக்கு வழியில்லாவிட்டால் பால் இல்லாமலே தாளியுங்கள், தம்பி. எங்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் அப்படித்தான்.

அருப்புக்கோட்டையான்

எல்லோருக்கும் நன்றி. பாத்திரத்தின் அடியைப் பார்த்தேன், வெள்ளைப் பொருக்கு சுரண்டினால் உதிர்கிறது. கட்டட உரிமையாளரிடம் கேட்டதற்கு 'போர் தண்ணீர்தான் தம்பி, ஆற்றுத் தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு மட்டும்' என்றார். கிண்ணச் சோதனையில் கேன் தண்ணீரில் வெந்த பருப்பு மசிந்துவிட்டது, குழாய்த் தண்ணீர்ப் பருப்பு அப்படியே இருக்கிறது. நண்பன் இரண்டையும் படம் எடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

கோபி அக்காவிடம் மூன்று கேள்விகள். புளிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரிசியும் பருப்பும் செய்யத் தக்காளி சொல்லியிருக்கிறீர்களே? காலையில் வெந்த பருப்பு ஃப்ரிட்ஜ் இல்லாமல் இரவு வரை தாங்குமா? கொள்ளு மலிவாக இருக்கிறது, சத்தும் அதிகம் என்று நண்பன் இரண்டு கிலோ வாங்கலாம் என்கிறான், வாங்கலாமா?

கோபிக்காரி

நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு தக்காளி நான்கு தம்ளர் தண்ணீரில் கரைந்து போகும்போது புளிப்பு மிகக் குறைவு. பருப்பும் ஊறியிருக்கிறது, அழுத்தத்திலும் வேகிறது. அதனால் தாங்கும். உங்களிடம் இருக்கும் பொங்கல் பருப்பில் செய்வதானால் தக்காளியை விட்டுவிட்டு, இறக்கியபின் அரை எலுமிச்சை பிழியுங்கள். புதுப் பருப்பு வந்ததும் தக்காளிக்குப் போங்கள். கீழ்த் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது என்கிறீர்களே, தினமும் ஒரு குடம் பிடித்து மேலே கொண்டுவர இரண்டு வாலிபர்களுக்கு என்ன கஷ்டம்? கேன் காசும் மிச்சம்.

இரவு வரை வைப்பது. உங்கள் ஊர் வெயிலில் கடைந்த பருப்பு மாலைக்குள் நூல்விட்டுவிடும், வெங்காயம் தாளித்துக் கொட்டியது அதைவிட வேகமாகக் கெடும். ஆகையால் காலையில் வெந்ததும் பிரித்துவிடுங்கள். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கடைந்து தாளித்துத் தீர்த்துவிடுங்கள். பருப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் பருப்பிலும் புளி, மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் காலையிலேயே ரசம் வைத்து, நுரை கட்டியதும் இறக்கி மூடிவிடுங்கள். புளிப்பு இருப்பதால் அது இரவு வரை நிற்கும். சாப்பிடும் முன் மறுபடி நன்றாகக் கொதிக்கவையுங்கள். கரண்டியை உள்ளே போட்டு வைக்காதீர்கள். வாசனை கொஞ்சம் மாறினாலும் கொட்டிவிடுங்கள், மருத்துவச் செலவு உங்கள் 700 ரூபாய்க் கணக்கில் வராது. ஒரு வேளைக்கு மட்டும் வேகவைக்கிற அளவு கைக்குப் பிடிபட்டுவிட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை.

வவுனியாக்காரர் சொன்ன மைசூர்ப் பருப்பு நல்ல யோசனைதான். தேங்காய் விற்கிற விலையில் பால் மட்டும் சம்பளம் வந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளு இரண்டு கிலோவா? நண்பரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். முழுக் கொள்ளு இரவெல்லாம் ஊறி, அதன்பின்னும் நெடுநேரம் அடுப்பில் இருக்கும் சாமான். உங்கள் போர் தண்ணீரில் அது வேகும் என்று நினைக்கவே வேண்டாம். விலையில் மிஞ்சியதைச் சிலிண்டர் தின்றுவிடும். ஆசையாக இருந்தால் கால் கிலோ வாங்கிப் பொடி செய்யுங்கள், அதற்குத் தண்ணீரே தேவையில்லை. கல் பொறுக்கிவிட்டு, சின்னத் தீயில் கொள்ளு படபடவென்று வெடித்து வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிடுங்கள். காய்ந்த மிளகாயும் மிளகும் தனியே வறுங்கள். தோலோடு ஐந்தாறு பல் பூண்டை வெறும் கடாயில் ஈரம் வற்றும்வரை புரட்டுங்கள். மிக்ஸி இல்லை என்றீர்கள். எல்லாவற்றையும் டப்பாவில் கட்டி ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய், உப்பும் பெருங்காயமும் சேர்த்து அம்மாவிடம் அரைத்து வாங்கி வாருங்கள். சுடு சோற்றில் ஒரு கரண்டி பொடி, மேலே நல்லெண்ணெய். துவரம் பருப்பிலும் இதே முறையில் பொடி செய்யலாம். உங்களிடம் மிச்சம் கிடக்கும் பழைய பொங்கல் பருப்பை அதற்கே போட்டுத் தீர்த்துவிடுங்கள்.